இருபதுக்குப் பத்தொன்பது

முப்பத்தேழாவது தடவையும் தோற்றுவிட்டு, அவள் சாவகாசமாகத் தன் வெள்ளைச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் பத்து நிமிடத்தில் விசாரணை. கல்லூரிப் பதிவாளர் கணினித் திரையில் வந்து உட்கார்ந்து, அவளைப் படிப்பிலிருந்து நீக்கப்போகிறார்.

“கொஞ்சமாச்சும் பயம் இருக்கா அண்ணி உங்களுக்கு?” என்றாள் நாத்தனார். இருவருக்கும் ஒரே ஆன்லைன் கல்லூரி, ஆஸ்பத்திரி வேலையில் இருந்துகொண்டே படிக்கும் அதே நர்சிங் பட்டப்படிப்பு. அண்ணி மூன்று மாதமாக முட்டி மோதும் மருந்தளவுப் பாடத்தை நாத்தனார் நான்கே நாளில் முடித்துவிட்டாள். முடித்த கையோடு அண்ணிக்கு உடும்பு என்று பெயரும் வைத்துவிட்டாள்.

உடும்பு பன்னிரண்டு வருடமாகக் குழந்தைகள் வார்டில் உதவி நர்ஸ். பட்டம் கிடைத்தால் நர்ஸ். கிடைக்காவிட்டால் ஓய்வு பெறும் நாள்வரை உதவிதான். அதற்காகத்தான் இரண்டு வருடமாக வேலை, வீடு, படிப்பு என்று மூன்றையும் இழுத்துக்கொண்டு அல்லாடினாள்.

‘அவரவர் வேகத்தில் படிக்கலாம்’ என்று கல்லூரி விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த வேகத்துக்கும் ஒரு பாடத்துக்கு மூன்று மாதம்தான் கெடு என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். பரீட்சையை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் முழுசாகத் தேறாமல் அடுத்த பாடம் திறக்காது.

மருந்தளவுப் பாடத்தில் முழுசு என்றால் இருபதுக்கு இருபது. அவளுக்கோ ஒவ்வொரு தடவையும் பத்தொன்பது. பதினெட்டுக்கு இறங்கவும் இல்லை, இருபதுக்கு ஏறவும் இல்லை.

நாத்தனாரிடம் இதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது. திரையில் சிவப்பு வந்தால் வேறொரு விடையை அமுக்கு, பச்சை வந்ததும் நடையைக் கட்டு, இதற்கெல்லாமா மூன்று மாதம் என்று தினமும் ஓதுவாள். இவள் பதில் சொல்வதையே விட்டுவிட்டிருந்தாள்.

திரையில் ஒரே மேசையில் இருவர் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் பதிவாளர். மற்றவர் துறைத்தலைவியான பேராசிரியை. மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு வேறு ஏதோ காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பதிவாளர் இனிக்க இனிக்கப் பேசினார். மற்ற நானூற்றுப் பன்னிரண்டு பேரும் இந்தப் பாடத்தைத் தாண்டிவிட்டார்கள், இந்த அம்மா ஒருவரால் கல்லூரியின் தேர்ச்சி விகிதமே கெடுகிறது என்றார். கருணை காட்டச் சொல்லி நான்கு கடிதம் வந்திருப்பதாகவும், கல்லூரிக்கும் இரக்கம் உண்டென்றும், ஆறு மாதச் சான்றிதழ் படிப்புக்கு மாறிக்கொண்டால் மரியாதையாக முடியுமென்றும் சொன்னார். அந்த நான்கில் ஒன்றையாவது அவர் பிரித்துப் பார்த்திருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டார்.

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு நேராகத் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“கருணை யாருக்கு வேணும்? உங்க கண்ணு முன்னாடியே முப்பத்தெட்டாவது தடவை எழுதறேன். பார்த்துட்டு நீக்குங்க.”

பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியை நிமிராமலேயே, எழுதட்டும் என்றார்.

அவள் எழுதினாள். பத்தொன்பது பச்சை மளமளவென்று விழுந்தன. இருபதாவது கேள்வியில் கை ஒரு கணம் நின்றது. அதை விட்டுட்டு அடுத்ததை அமுக்குங்க அண்ணி என்று நாத்தனார் காதைக் கடித்தாள். அவள் எப்போதும் அமுக்குவதையே அமுக்கினாள். சிவப்பு.

பதிவாளர் பெருமூச்சு விட்டு, நீக்கல் உத்தரவைப் பேராசிரியையின் பக்கம் நகர்த்தினார். பேராசிரியை பேனாவை எடுத்தார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை. முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“தப்புன்னு முப்பத்தேழு தடவை சொல்லியாச்சு. ஏம்மா திரும்பத் திரும்ப அதையே அமுக்கறீங்க?”

“மத்தியானம் வார்டுல மருந்தை எடுக்கப்போறதும் இதே கைதான் மேடம். கேள்வியை ஒரு தடவை படிங்கன்னுதான் நாலு கடிதமும் எழுதினேன். நீங்க என் மார்க்கை மட்டும்தான் படிச்சீங்க.”

நாத்தனாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீக்கப்போகிறவர்களிடம் இப்படியா பேசுவார்கள்? பேராசிரியை கோபப்படவில்லை. கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு கேள்வியைப் படித்தார்.

குழந்தையின் எடை ஆறு கிலோ. ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு நாற்பது மில்லிகிராம் மருந்து; அதை நான்கு வேளையாகப் பிரித்துத் தர வேண்டும். ஒரு வேளைக்கு எவ்வளவு? அவள் அறுபது என்று அமுக்கியிருந்தாள்.

பேராசிரியை உத்தரவின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டார். அடித்துவிட்டு மறுபடியும் போட்டார். பிறகு கல்லூரியின் விடைப் பட்டியலைத் திறந்தார். அதில் இருநூற்று நாற்பது என்று இருந்தது. நாள் முழுவதற்குமான மருந்து, ஒரே வேளைக்கு.

நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. பதிவாளருக்கு இன்னும் விளங்கவில்லை. இந்த அம்மாவை என்ன செய்வது, எல்லாருக்கும் பச்சை வந்த கேள்விதானே என்று இழுத்தார். பேராசிரியை தொலைபேசியை எடுத்து அவர் கையில் திணித்தார்.

“பாஸான நானூத்திப் பன்னெண்டு பேரையும் மருந்தைத் தொட விடாதீங்க.”