இருபத்திரண்டு துணிகள்

லாரி மோதி வந்தவரின் வயிற்றைத் திறந்து அவசர ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. ரத்தத்தை உறிஞ்சிச் சேர்க்கும் ஜாடி, தன் உடம்பிலிருந்த அளவுக் கோடுகளைப் பெருமையாகப் பார்த்துவிட்டு சலைன் பாட்டிலிடம் சொன்னது: "நானூறு மில்லிதான் போயிருக்கு. மெதுவாவே இறங்கு, தம்பி."

பாட்டிலும் அதை நம்பிச் சொட்டுச் சொட்டாகவே இறங்கியது.

மேசைக்கடியில், வயிற்றுக்குள் ரத்தத்தை ஒற்றி எடுத்து வாளிக்குள் எறியப்பட்ட துணிகள் கத்தின: "அண்ணே, மீதி ரத்தமெல்லாம் எங்ககிட்ட இருக்கு!"

"உங்க மேல கோடு இருக்கா?" என்றது ஜாடி.

பாட்டில் அதே வேகத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மானிட்டர் நீளமாகக் கூவியது. டாக்டர் எவ்வளவோ போராடியும் அது நிற்கவில்லை.

வயிற்றுக்குள் துணி எதுவும் தங்கிவிடக் கூடாதே என்று நர்ஸ் குனிந்து துணிகளை எண்ணினார்.

"இருபத்திரண்டு. கணக்கு சரியா இருக்கு, டாக்டர்."

வாளியைத் தூக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.