எண்பதுக்குக் கீழே

சதுப்பு நிலத்துக்குள் காலெடுத்து வைக்கிற யாருக்கும் நாடித்துடிப்பு எண்பதைத் தாண்டக்கூடாது. மனிதரின் படபடப்பு பறவைகளைக் கலைத்துவிடும் என்பது விதி. சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குத் தாண்டினால் வெளியேற்றுவார்கள். வேலைக்காரர்களுக்குத் தாண்டினால் வேலையே போய்விடும். கூடுகளைப் போய்ப் பார்க்கும் வேலை சேந்தனுடையது. மனைவி தமயந்தி இறந்தபின் இந்த இரண்டு வருடங்களில், துடிப்பை எண்ணிக் காட்டும் அவன் கைப்பட்டை அறுபத்திரண்டைத் தாண்டியதே இல்லை.

“பாம்பு மேல ஏறினாலும் உனக்கு அறுபத்திரண்டுதான். மனுசனாடா நீ, மரக்கட்டையா?” என்று வாசல் காவலில் இருக்கும் ரெஜினா அக்கா தினமும் கிண்டல் செய்வார்.

அன்று காலை, கோரைக்குள் இருந்த கூட்டில் செந்நாரைக் குஞ்சு ஒன்று தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது. குனிந்து பார்த்தான். அறுந்து விழுந்த காற்றாடியின் மாஞ்சா நூல், கழுத்தில் மூன்று சுற்று.

மேம்பாலத்தில் ஸ்கூட்டர் ஓட்டி வந்த தமயந்தியின் கழுத்தை அறுத்ததும் இதே நூல்தான்.

பட்டை அதிர்ந்தது. எழுபத்தொன்பது. கத்தரிக்கோல் முனையை நூலுக்கும் தோலுக்கும் நடுவே மெல்ல நுழைத்தான். முதல் சுற்று அறுந்தபோது பட்டை அலறத் தொடங்கியது. நடைபாலத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“சேந்தா, நூத்திப்பத்து காட்டுதுடா! வெளிய வந்துடு, வேலை போயிடும்!” வாக்கி-டாக்கியில் ரெஜினா அக்கா கத்தினார்.

இரண்டாவது சுற்றும் அறுந்தது. பத்தடி தள்ளி நின்ற தாய் நாரை இன்னும் பறக்கவில்லை.

“போனா போகட்டும்க்கா,” என்றான். குரல் உடைந்திருந்தது. “இன்னும் ஒரு சுத்து இருக்கு.”