எண்ணெய் இன்ஸ்பெக்டர்

இது நான் நேரில் பார்த்ததில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கும் என் அக்கா சொன்னது. எதையும் கண், மூக்கு வைத்துச் சொல்கிறவள் அவள். அப்படியே எழுதப் பயந்து, ஒரு விஷயத்தை மட்டும் பிறகு நானே போய் விசாரித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்த ஆபீஸே ஒன்றாக எதிர் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போகும். போனால் மானம் போகும்.

காரணம், ஸ்டோர்காரர். உதிரி பாகங்களுக்குப் பொறுப்பாளர், ஐம்பது வயது. சர்வர் வந்து நின்றதும் முதல் ஆளாக ஆரம்பித்துவிடுவார்.

"தம்பி, மீனைப் பொரிக்காம ஆவியில வேக வைப்பீங்களா?"

"வைக்கலாம் சார்."

"சூப்புல மாவு கரைச்சு ஊத்துவீங்களா?"

"கொஞ்சமா..."

"வேண்டாம். சாலட்டுக்கு சாஸைத் தனியாக் கிண்ணத்துல கொடுங்க. ஜூஸ் வேண்டாம், பழமாவே வெட்டிக் கொண்டாங்க. ஆமா, அந்தக் காய் எண்ணெயில வதக்கினதா?"

"எண்ணெய் இன்ஸ்பெக்டர் ரெய்டு ஆரம்பிச்சாச்சு!" என்பாள் அக்கா. மேஜையே சிரிக்கும்.

அவர் பக்கத்தில் உட்காரும் புதுப்பெண் மட்டும் சிரிக்க மாட்டாள். மெனு கார்டை மூடிவிட்டு, "எனக்கும் அதே" என்பாள்.

அது வேறு பேச்சைக் கிளப்பியது.

"அந்தப் பொண்ணு வேலைக்குச் சேர்ந்த மறு வாரம்தான் மனுஷனுக்கு டயட்டே ஆரம்பிச்சது. கவனிச்சீங்களா?"

"வயசு பின்னாடி போகுது போல."

"வீட்டுல அண்ணிக்குத் தெரியுமா?"

ஒருநாள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் சாப்பிட வருவதாக ஏற்பாடு. ஊரில் பாதி உயரக் கட்டடங்கள் அவருடையவை. மேனேஜர் ஸ்டோர்காரரைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னைக்கு ஒருநாள் வாயைத் திறக்காதீங்க. எல்லாருக்கும் நானே சொல்லிடறேன். மானத்தை வாங்கினீங்கன்னா, பதவி உயர்வை மறந்துட வேண்டியதுதான்."

"சரி சார்."

மேஜையில் மேனேஜர் தாராளமாகக் கையை விரித்தார். "எல்லாருக்கும் பொரிச்ச கோழி, க்ரீம் சூப். கடைசியில கேக்!"

"எனக்குப் பசியில்லை சார்" என்றாள் புதுப்பெண்.

"அட, சும்மா சாப்பிடும்மா! யார் தட்டும் காலியா இருக்கக் கூடாது."

அவள் மெனு கார்டின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

ஸ்டோர்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி, மீனைப் பொரிக்காம ஆவியில..."

மேனேஜர் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தார். அவர் நிறுத்தவில்லை. மாவு, சாஸ் கிண்ணம், பழம் எல்லாம் முடித்துத்தான் மூச்சு விட்டார்.

"எனக்கும் அதே" என்றாள் புதுப்பெண்.

மேனேஜர் வாடிக்கையாளரின் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார்.

வாடிக்கையாளர் தன் தொப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "என் வீட்டுக்காரி பக்கத்துல இருந்தா எனக்கும் அதைத்தான் சொல்லியிருப்பா. எழுதிக்கப்பா, மூணு!"

ஒப்பந்தம் கிடைத்தது. பதவி உயர்வு மட்டும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போனது. மேனேஜர் சொன்ன சொல் தவறாதவர்.

புதுப்பெண்ணின் வேலை நிரந்தரமான அன்று அவளே அக்காவிடம் வந்து சொன்னாள்.

"எனக்குச் சின்ன வயசிலேருந்தே சர்க்கரை அக்கா. டாக்டர் சொன்ன சாப்பாடுதான் சாப்பிடணும். வந்த புதுசுல அதை எல்லார் முன்னாடியும் சர்வர்கிட்ட விளக்க வெட்கம். நோயாளின்னு அனுப்பிடுவாங்களோன்னு பயம் வேற. முதல் வெள்ளிக்கிழமை ஹோட்டல்ல எதையும் தொடலை. திரும்பி வந்து, ஸ்டோர் பக்கத்துப் படிக்கட்டுல உட்கார்ந்து, வீட்டிலேருந்து கொண்டு வந்த வேக வச்ச மீனையும் பழத்தையும் திருட்டுத்தனமாத் தின்னேன். நல்ல வேளை, சாருக்கும் அதே டயட்! நான் வாயே திறக்க வேண்டியிருக்கலை."

"ரெண்டு பேருக்கும் ஒரே டயட்! என்ன பொருத்தம் பாரேன்" என்று என்னிடம் சொல்லி வியந்தாள் அக்கா.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை அந்த ஹோட்டலுக்குப் போய், சர்வரிடம் மெதுவாக விசாரித்தேன்.

"ஸ்டோர் சாரா? சனிக்கிழமையானா தனியா வருவார். எனக்குத் தெரிஞ்சு பல வருஷமா வர்றார். பொரிச்ச கோழி, க்ரீம் சூப், ரெண்டு துண்டு கேக். மெனு கார்டைத் தொடக்கூட மாட்டார், ஒரு கேள்வி கேட்க மாட்டார் சார். ஒரே ஒரு தடவைதான் சத்தம் போட்டார்... ரொட்டியில வெண்ணெய் கம்மின்னு."