டெல்மாவுக்கு ஒரு தவா

"பூச்சு உரியுமாம், வயித்துக்குள்ள போகுமாம், வியாதி வருமாம்! வேலைவெட்டி இல்லாதவன் எவனோ கிளப்பிவிட்டது. பிடி, டெல்மா!"

புத்தம் புது நான்ஸ்டிக் தவாவை டெல்மாவின் சமையலறை மேஜையில் வைத்தார் மெர்வ்.

"என் பொண்ணுதான் இதெல்லாம் ஆகவே ஆகாதுன்னு..." என்று இழுத்தாள் டெல்மா.

"உன் பொண்ணு பேச்சைக் கேட்டா பச்சைத் தண்ணி கூடக் குடிக்க முடியாது. எனக்கு அறுபத்தெட்டு வயசு. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெர்வின் மனைவி நோலின், கட்டுப் போட்ட மணிக்கட்டைத் தடவியபடி தவாவையே ஏக்கத்தோடு பார்த்தாள்.

மேஜைக்கு மேலே தொங்கிய கூண்டில் வானநீல நிறத்தில் ஒரு பட்ஜிக் கிளி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. பிக்சி. புருஷன் போன பிறகு டெல்மாவுக்கு இருக்கும் ஒரே பேச்சுத் துணை. ஞாயிற்றுக்கிழமை பறவைச் சங்கக் கண்காட்சியில் கோப்பை பிக்சிக்குத்தான் என்று பல்லாரட் ஊரில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோப்பை ஏழு வருஷமாக மெர்வ் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் அந்த மனிதருக்கு ஒரு வாய் டீ இறங்காது. கிளி ஜெயித்ததா இவர் ஜெயித்தாரா என்று கேட்பவனுக்கே சந்தேகம் வந்துவிடும்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் மெர்வ். "புதுசு இல்லையா? முதல் தடவை காலித் தவாவை அடுப்புல வச்சு, பெருந்தீயில நல்லாப் புகை வர்ற வரைக்கும் காயவிடு. ஒரு பத்து நிமிஷம். கடை வாடை போயிடும். ஜன்னலைத் திறக்காதே, பிக்சிக்குக் குளிரும்."

"எவ்வளவு அக்கறை!" என்று டெல்மா நெகிழ்ந்துபோனாள்.

காரில் ஏறியதும் நோலின் பிடித்துக்கொண்டாள்.

"என்னிக்குமில்லாத திருநாளா இருக்கே! முப்பது வருஷமா அந்த இரும்புச் சட்டியைத் தூக்கித் தூக்கி என் கையே போச்சு. ஒரு நான்ஸ்டிக் வாங்கிக் கொடுன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்?"

"இரும்புச் சட்டியில பொரிச்சாத்தான் முட்டைக்கு ருசி."

"ஓஹோ! அப்போ டெல்மா மட்டும் ருசியில்லாமத் தின்னணுமா?"

"பாவம், தனியா இருக்கா. ஒரு நல்லது பண்ணினாக்கூடக் குத்தமா?"

மெர்வின் வாயிலிருந்து 'பாவம்' என்ற சொல் வந்ததை நோலின் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். ஆச்சரியமாக இருந்தாலும் நம்பினாள்.

சனிக்கிழமை முழுவதும் மெர்வுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சங்கச் செயலாளருக்கு மூன்று முறை போன் போட்டு, "டெல்மா வர்றாளா? பிக்சி வருதா? ஏதும் சொன்னாளா?" என்று கேட்டார்.

"வராம எங்கே போகும்? நீ பயப்படுறியா, மெர்வ்?" என்று அவர் சிரித்ததும் போனைப் பட்டென்று வைத்தார்.

ஞாயிறு காலை. அந்த ஊரில் ஜூன் மாதம்தான் கடுங்குளிர், வெளியே புல்லெல்லாம் பனி. வழக்கம்போல மெர்வ் தன் கிளி டியூக்கின் இறகில் வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்து, கூண்டோடு கொண்டுவந்து சமையலறையில் காய வைத்தார். ஈரம் சூட்டில் மெல்லக் காய்ந்தால்தான் இறகு பளபளக்கும். அப்புறம் குளிக்கப் போனவர், கோப்பை வாங்கும்போது பேச வேண்டியதை ஷவருக்கு அடியில் நின்று உரக்க ஒத்திகை பார்த்தார்.

கண்காட்சிக்கு ஆளுக்கொரு பலகாரம் கொண்டுபோக வேண்டும். நோலின் கணக்கில் ஐந்து டஜன் குட்டி அப்பம். மாவு கரைத்துத் தயாராக இருந்தது.

சங்கத்து டையை முடிச்சுப் போட்டபடி சமையலறைக்கு வந்த மெர்வ் வாசலிலேயே நின்றுவிட்டார். காட்டமான நெடி. அடுப்பில் காலித் தவா ஒன்று புகைந்துகொண்டிருந்தது.

"இது... இது எப்படி இங்கே வந்துச்சு?"

"டெல்மா நேத்து சாயங்காலம் நீ வெளியே போயிருந்தப்போ கொடுத்துட்டுப் போனா," என்றாள் நோலின் உற்சாகமாக. "பொண்ணு திட்டினாளாம். 'எனக்கு டோஸ்டர்ல ரொட்டி வாட்டினாலே போதும், உன் கைக்கு இது லேசா இருக்கும்'னு சொன்னா. தங்கமான மனசு! நீ சொன்ன மாதிரியே பத்து நிமிஷமாக் காயுது. டியூக்குக்குக் குளிருமேன்னு ஜன்னலையும் மூடிட்டேன்."

மெர்வ் கூண்டை நோக்கிப் பாய்ந்தார். டியூக் தரையில் மல்லாந்து கிடந்தது. எடுத்து உலுக்கினார். கழுத்து தொங்கியது.

"அடிப்பாவி! இந்தப் புகை பட்டா எந்தப் பறவையும் பிழைக்காதுடி!"

நோலின் அடுப்பை அணைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். பிறகு நிதானமாக அவர் பக்கம் திரும்பினாள்.

"இதுக்குத்தானா முப்பது வருஷமா இரும்புச் சட்டி ருசின்னு கதை விட்டே?" என்றவள், அவர் வாய் திறப்பதற்குள் அடுத்ததையும் கேட்டாள். "அப்போ பிக்சி இருக்கிற வீட்டுக்கு இதை எதுக்கு வாங்கிக்கிட்டுப் போனே?"