செவ்வந்தியின் ஆதாரம்

“நாளைக்குக் கோடாங்கி வாராராம்ணே. வேப்பங்குலையால அடிச்சாத்தான் என்னைப் பிடிச்சது இறங்குமாம்” என்றாள் செவ்வந்தி.

கடலாடிக்குத் தெற்கே, அவள் புகுந்த வீட்டு மிளகாய்க் களம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காய்ந்த மிளகாயைச் சாக்கில் அள்ளியபடியே பேசினாள். பிரபாகரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காலேஜில் ஆங்கிலம் நடத்துகிற அண்ணன் இருந்தும், ஒரே தங்கைக்கு இந்தக் கதியா? வரும்போது வாசலில் நின்ற அவள் மாமியார் ‘வாப்பா’ என்றுகூடக் கேட்கவில்லை. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“எதுக்குத்தா உன்னை அடிக்கணும்?”

“இந்தக் களத்துல எங்கூட ஒரு ஆளு பேசுறாகன்னு உன் மாப்பிள்ளைகிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன். மாமியாளும் மகனும் சேர்ந்து எனக்குப் பைத்தியம்னு முடிவு கட்டிட்டாக.”

“யாரு பேசுறது?”

அவள் சாக்கின் வாயைக் கட்டினாள். “அதை மட்டும் கேக்காதண்ணே.”

செவ்வந்தி பொய் சொல்கிறவள் இல்லை. பக்கத்துக் கருவேலங்காட்டில் எவனோ ஒளிந்துகொண்டு விளையாடுகிறான் என்று நினைத்தான் பிரபாகரன்.

“இப்படி மொட்டையாச் சொன்னா எவன் நம்புவான்? சப்ஸ்டான்ஷியேட் பண்ணணும்த்தா.”

“அப்படின்னா? ப்ரூவ் பண்றதா?”

“கிட்டத்தட்ட. ப்ரூவ்னா, இதுதான் உண்மைன்னு முடிச்சு வைக்கிறது. சப்ஸ்டான்ஷியேட்னா, நாம சொன்னதுக்கு ஆதாரம் கொண்டாந்து காட்டுறது. கோர்ட்டுல கேப்பாகள்ல, ‘சப்ஸ்டான்ஷியேட் யுவர் க்ளெய்ம்’னு? வெறும் பேச்சுக்கு ஒரு உடம்பு குடுக்கிறதுன்னு வச்சுக்கயேன்.”

“உடம்பு இல்லாத பேச்சுன்னா?”

“காத்தோட போயிரும்.”

அவள் கை அப்படியே நின்றது. களத்தில் இலை அசையவில்லை. ஆனாலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“அடி வாங்குறதுகூடப் பெருசில்லண்ணே. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே வராதாம்.”

“நல்லதுதானே?”

அவள் கண் கலங்கியிருந்தது. இவளுக்கு நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டதோ என்று முதல்முறையாக அவனுக்குப் பயம் வந்தது.

“சரி, அழுகாத. அடுத்த தடவை அந்தப் பேச்சுக் கேட்டா, செல்போன்ல ரெக்கார்டு போட்டுரு. மாப்பிள்ளை அவர் காதால கேக்கட்டும். அதைவிட என்ன ஆதாரம் வேணும்?”

“போட்டுட்டேண்ணே.” சாக்கின் மேல் கிடந்த செல்போனை எடுத்தாள். “நீ வந்ததுலேருந்து ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.”

“எங்க, கேப்போம்.”

அவள் தயங்கித் தயங்கி விரலால் தொட்டாள்.

மிளகாய் சலசலக்கும் சத்தம். கோடாங்கி வரப்போவதைச் சொல்லும் அவள் குரல். சிறிது இடைவெளி. பிறகு மாமியாளும் மகனும் முடிவு கட்டியதைச் சொல்லும் அவள் குரல். மறுபடி இடைவெளி. “அதை மட்டும் கேக்காதண்ணே.” மறுபடி அமைதி. “அப்படின்னா? ப்ரூவ் பண்றதா?” தூரத்தில் ஒரு மயில் அகவியது. அவன் நீட்டி முழக்கிய விளக்கம் வரவேண்டிய இடத்தில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

பிரபாகரன் குனிந்து காதை வைத்துக் கேட்டான்.

“என்னத்தா இது, நான் பேசுனது ஒண்ணுமே பதியலையே?”

செவ்வந்தி அடக்கமாட்டாமல் விசும்பினாள்.

“பதியாதுண்ணே. சாயல்குடி ரோட்டுல லாரி அடிச்சு உன்னைத் துணியில சுத்திக் கொண்டாந்ததுலேருந்து, உன் பேச்சு எனக்கு மட்டுந்தான் கேக்குது.”