மூலைக் கம்பி

"சார், அடுத்தது எங்க லில்லிக்குட்டி சேச்சி. இது அஞ்சாவது தடவை. கொஞ்சம் பார்த்து..."

லைசென்ஸ் டெஸ்ட் எடுக்க வந்திருந்த புது இன்ஸ்பெக்டர் பிரேம்லால் நிமிரவே இல்லை. ஸ்கூட்டரில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆதார் காப்பி இல்லையே, ஆசானே."

"எல்லாம் வெச்சிருக்கேனே சார்!"

"இல்லை. ஜங்ஷன்ல போய் ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். காகிதத்தைக் கோட்டை விடுகிற ஆளா நான்?

"நான் இல்லாம சேச்சி ஓட்ட மாட்டாங்க சார். ரொம்ப பயந்த சுபாவம்."

"போயிட்டு வாங்க."

லில்லிக்குட்டி சேச்சியின் கதையே எனக்கு ஒரு புதிர். பயிற்சியில் அவர் காரை ஓட்டி 'எச்' எழுத்துப் போடுவதைப் பார்க்க வேண்டுமே! நட்டு வைத்த கம்பிகளுக்கு நடுவே முன்னே போய், பின்னே வந்து, ஒன்றில்கூட உரசாமல் வெளியே வருவார். நான் பக்கத்து சீட்டில் நிம்மதியாகக் குறட்டை விடுவேன். டெஸ்ட் என்றால் மட்டும் மூலைக் கம்பி சாயும், ஃபெயில்.

விவரம் இல்லாதவர் என்றும் சொல்ல முடியாது. "ஆசான் காலையில ஒண்ணும் சாப்பிடலை, இல்ல?" என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, பையிலிருந்து வட்டயப்பத்தை எடுத்து நீட்டுகிற ஆள்.

அவருடைய கணவர் குரியாச்சனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வீட்டில் கார் சும்மா நிற்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக அக்கம்பக்கத்தில் கெஞ்ச வேண்டியிருக்கிறது. "இன்னைக்கும் போச்சுன்னா வண்டியை வித்துடலாம்கிறாரு, ஆசானே" என்று காலையில்தான் கண் கலங்கினார்.

அதனால்தான் அவருடைய ஒவ்வொரு டெஸ்டுக்கும் மூலைக் கம்பிக்குப் பக்கத்திலேயே போய் நிற்பேன். அவர் வளைத்தால் நானும் வளைவேன். அவர் பிரேக் மிதித்தால் நான் பல்லைக் கடிப்பேன். பெற்ற மகளுக்குக்கூட இப்படித் துடித்ததில்லை. அந்த ஒரு துணையும் இல்லாமல் இன்று அவரைத் தனியாக விட்டுப் போக வேண்டியதாகிவிட்டது.

சேச்சியிடம் ஆதார் கார்டை வாங்கிக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், சேச்சி காரில் ஏறிவிட்டார். இன்ஸ்பெக்டரோ மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் மூழ்கிக் கிடக்கிறார். சம்பளம் வாங்குகிறவன் செய்கிற வேலையா இது?

காப்பியோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது சேச்சி எதிரே ஓடி வந்தார்.

"பாஸ், ஆசானே! ஒரு கம்பிகூட ஆடலை!"

சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது.

"சார், நீங்க பார்க்கவே இல்லையே. எப்படி பாஸ் போட்டீங்க?"

"ரெண்டாவது திருப்பத்துல ஸ்டியரிங்கைக் கொஞ்சம் லேட்டா ஒடிச்சாங்க. அப்புறம் சரி பண்ணிட்டாங்க."

அப்போதுதான் கவனித்தேன். ஸ்கூட்டரின் இரண்டு கண்ணாடிகளையும் அளந்து வைத்தமாதிரி திருப்பியிருந்தார். மைதானம் முழுசும் அதில் தெரிந்தது. கையிலிருந்த போன் அணைந்து கிடந்தது.

நேருக்கு நேர் பார்த்தால் சேச்சி மிரண்டுவிடுவார் என்று இந்த ஏற்பாடா! இப்படிப்பட்ட மனுஷனைப் போய்த் திட்டினேனே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

"உங்க மனசு யாருக்கு வரும் சார்? இந்தாங்க காப்பி."

"அது வேண்டாம். ஃபைல்ல ஏற்கெனவே இருக்கு."

"அப்போ என்னை எதுக்கு சார் இந்த வெயில்ல ஓட விட்டீங்க?"

சேச்சி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தோன்றியது.

இன்ஸ்பெக்டர் கண்ணாடிகளைப் பழையபடி திருப்பி வைத்தார்.

"வரிசையில நிக்கும்போதே பார்த்தேன். அவங்க கம்பியையும் பார்க்கலை, என்னையும் பார்க்கலை. உங்க முகத்தைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தாங்க, ஆசானே."