யாருக்கும் தோணும்

"இதுல என்ன புதுசு இருக்கு, சொல்லுங்க" என்றார் பேட்டன்ட் அதிகாரி ஜோதிமணி, சென்னையிலிருந்து வீடியோவில்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில், ஹீட்டர் ரிப்பேர் கடை சுப்புராஜ் லேப்டாப் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வக்கீல் அஜய். மூன்று வருடமாக இழுத்த ஃபைல், இன்றைக்கு ஒன்று பேட்டன்ட் கிடைக்கும், இல்லை ஃபைல் குப்பைக்குப் போகும்.

மெத்தைக்கு அடியில் விரிக்கிற ஹீட்டர் அது. உள்ளே ஓடும் சூட்டுக் கம்பியை, அதாவது காயிலை, தலைப்பக்கம் தள்ளித்தள்ளியும், கால்பக்கம் நெருக்கியும் சுற்றியிருந்தார். அந்தச் சுற்றுக்குத்தான் பேட்டன்ட் கேட்டிருந்தார்.

"கால் சில்லுனு இருந்தா அந்தப் பக்கம் நெருக்கிச் சுத்தணும். தொழில் தெரிஞ்ச யாருக்கும் இது தோணும். யாருக்கும் தோணுறதுக்குப் பேட்டன்ட் கிடையாது."

"எனக்குத் தோணலையே மேடம்."

அஜய் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தார். சுப்புராஜ் நிறுத்துகிற மாதிரி இல்லை.

"முப்பது வருசமா காயில் சுத்துறேன். தோணல. என் வீட்டுக்காரி கண்மணிக்குத்தான் தோணுச்சு. 'தலைக்கு எதுக்குங்க இம்புட்டுச் சூடு, காலுதான வெறைக்குது'ன்னா. 'காயிலப் பத்தி உனக்கென்ன தெரியும், போயி உன் சோலியப் பாரு'ன்னேன். கடையில நாலு பேரு இருந்தாங்க. சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"பழனிக்கு, அவ அம்மா வீட்டுக்கு எறங்கிப் போயிட்டா. நாலு வருசமாச்சு. அவ போனப்புறம், அவ சொன்ன மாதிரியே சுத்திப் பாத்தேன். காலு நல்லா கதகதன்னு இருக்கு மேடம். பக்கத்துல அவதான் இல்ல."

ஜோதிமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுத்தவர் யோசனையைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளும் ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அதிலும் பெண்டாட்டி யோசனை என்றால் கேட்கவே வேண்டாம்.

"கண்டுபிடிச்சவர்னு உங்க பேரைப் போட்டிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"இருக்கு மேடம்."

அஜய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷம் தொழில் பார்த்தவருக்கே தோணலைன்னா, இது யாருக்கும் தோணுற விஷயம் இல்ல. அதை ஒத்துக்கறேன்" என்றார் ஜோதிமணி. "ஆனா உங்களுக்குத் தர முடியாது. கண்டுபிடிச்சது அவங்க. நோட்டீஸ் அவங்களுக்குப் போகும். உரிமையும் அவங்களுக்குத்தான்."

சுப்புராஜின் முகம் மலர்ந்தது. பறிகொடுத்தவன் முகமாகவே அது இல்லை.

"இவ்வளவு தெரிஞ்சவர் முதல்லயே அவங்க பேர்ல போட்டிருக்கலாமே?"

"அதுக்கு அவ கையெழுத்து வேணும்னாங்க மேடம். நான் போன் போட்டா எடுக்க மாட்டா, ஆளு விட்டாலும் பேச மாட்டா. ஆனா கவர்மெண்ட்டுத் தபால்னா பிரிச்சுப் படிப்பா. இப்ப நான் சொன்னத ஒரு எழுத்து விடாம அதுல எழுதிருங்க."